'1934 கரடிப் பலகை' டி-ஷர்ட் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

போன வருடம் அப்பா இங்கே வந்திருந்தபோது, கலிஃபோர்னியாவின் 49-ஆம் நெடுஞ்சாலையில் கூட்டிக்கொண்டு போனேன். 1848-இல் தங்கம் கிடைத்த கொலோமா அந்த வழியில்தான் இருக்கிறது. மறுவருடம் தங்கம் தேடிக் குவிந்தவர்களின் நினைவாகத்தான் சாலைக்கு அந்த எண். மாநிலச் சாலைப் பலகையே சுரங்கத்தில் மண் அள்ளும் மண்வாரியின் வடிவம். அதைச் சொன்னதும் அப்பா காரை நிறுத்தச் சொல்லி இறங்கிப் பார்த்தார்.

அதனால் அவர் பிறந்தநாளுக்கு அந்தச் சாலையின் பழைய பலகை அச்சிட்ட டி-ஷர்ட்டை ஆன்லைனில் 38 டாலர் கொடுத்து வாங்கினேன். படத்தில் இருந்தது 1934-இல் வந்த பலகை: வெள்ளைத் தகடு, கறுப்பு எழுத்து, கூடவே கரடி.

வந்ததோ பச்சைப் பலகை. பச்சை 1964-இல்தான் வந்தது, அதில் கரடி கிடையாது. ஆனாலும் கீழே '1934' என்று போட்டிருந்தார்கள். மை துணியில் இறங்கவே இல்லை, வெறும் பிளாஸ்டிக் படலம். நகம் பட்டதும் 9-இன் வால் உரிந்து கையோடு வந்துவிட்டது.

புகார் செய்தேன். முதலில் மன்னிப்பு, அப்புறம் 'இரண்டு வாரத்தில் வேறு அனுப்புகிறோம்', அப்புறம் '10 டாலர் தருகிறோம், வைத்துக்கொள்ளுங்கள்'. கடைசியில், வெளிநாட்டு முகவரிக்கு என் செலவில் திருப்பி அனுப்ப வேண்டுமாம். தபால் செலவே சட்டை விலையைத் தாண்டும்.

இந்த இழுத்தடிப்பில்தான் ஏமாந்தேன். அமெரிக்காவில் கிரெடிட் கார்டில் வாங்கிய பொருள் சொன்னபடி இல்லையென்றால், அந்தத் தொகை வந்த முதல் பில் அனுப்பிய 60 நாளுக்குள் கார்டு நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் போக வேண்டும். நான் எழுதியது 71-ஆம் நாள். முடியாது என்றுவிட்டார்கள். விற்றவர் எத்தனை இனிப்பாகப் பதில் போட்டாலும், கார்டு நிறுவனத்துக்கு முதல் வாரமே எழுதிவிடுங்கள்.

விளம்பரப் படத்தைப் பிறகு பெரிதாக்கிப் பார்த்தேன். சட்டையின் மடிப்புகள் பலகையின் ஓரத்தோடு நின்றுவிடுகின்றன, அச்சின் மேல் ஒரு சுருக்கம்கூட இல்லை. வெற்றுச் சட்டைப் படத்தில் கணினியில் ஒட்டியது. வாங்கும் முன் கையில் பிடித்து எடுத்த போட்டோ கேளுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

துணியில் மை இறங்க ஸ்கிரீன் பிரிண்ட் செய்து தருகிறவர்கள் யாராவது தெரிந்தால் சொல்லுங்கள். ஒரே ஒரு சட்டைதான், அப்பாவின் அளவு 42.