போன மின்சாரம் திரும்பும்போது: ரேடியோ சாக்கெட்டா, சொந்த ரிலேயா?

எங்கள் வீட்டில் கம்பியில்லாமல் இயக்க வேண்டியவை இரண்டே: கூடத்து மீன் தொட்டியின் காற்று பம்ப், அம்மாவின் இஸ்திரிப் பெட்டி. பம்ப் எப்போதும் ஓட வேண்டும். தீனி போடும் பத்து நிமிடம் மட்டும் நிற்கலாம். இஸ்திரிப் பெட்டியோ இருபது நிமிடத்துக்கு மேல் ஓடவே கூடாது. இவற்றுக்காக ரேடியோ ரிமோட் சாக்கெட், வைஃபை பிளக், சொந்த ரிலே என்ற மூன்று வழிகளையும் காசு கொடுத்துப் பார்த்துவிட்டேன். நோடுஎம்சியு என்ற சின்ன வைஃபை பலகையையும் ரிலேயையும் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வைத்து நானே செய்துகொண்டதுதான் இன்று வீட்டில் இருக்கிறது. என் சாய்வு அந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் வாங்கியது 433 மெகாஹெர்ட்ஸ் ரிமோட் சாக்கெட். அதன் ரிமோட் அனுப்பும் குறியீட்டை மலிவான ஒரு ரிசீவரால் படித்து, ஆர்டுயினோ என்ற, நிரல் ஏற்றக்கூடிய சின்னப் பலகையில் ஆர்சி-சுவிட்ச் நிரலைக் கொண்டு அதையே திரும்ப அனுப்பலாம். டிரான்ஸ்மிட்டரில் 17.3 செ.மீ. கம்பியை ஆன்டெனாவாகப் பற்றவைத்தேன். அந்த அலைநீளத்தில் கால் பங்கு அது. இரண்டு சுவர் தாண்டியும் சாக்கெட் கேட்டது. வைஃபை வேண்டாம், ரவுட்டர் வேண்டாம். எல்லாவற்றையும்விட, 230 வோல்ட் முழுவதும் தொழிற்சாலையில் மூடிய பெட்டிக்குள்ளேயே இருக்கிறது; நம் கை படுவது 5 வோல்ட்டில் மட்டும். மின்வேலை பழகாதவர்களுக்கு இன்றும் இதையே சொல்வேன்.

ஆனால் அது ஒருவழிப் பேச்சு. ‘ஓடு’ என்று அனுப்பலாம். ஓடுகிறதா என்று கேட்க முடியாது. ஓர் ஐப்பசி மழை இரவில் மின்சாரம் போய்ப் பத்து நிமிடத்தில் வந்தது. மின்விசிறி சுழன்றது, விளக்கு எரிந்தது, அந்தச் சாக்கெட் மட்டும் அணைந்த நிலையிலேயே நின்றுவிட்டது. ஆர்டுயினோவின் கணக்கில் பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. விடிந்து பார்த்தால், மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து தவித்துக்கொண்டிருந்தன. இரண்டைக் காப்பாற்ற முடியவில்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரே கேள்விதான்: போன மின்சாரம் திரும்பும்போது இந்தச் சாதனம் என்ன செய்யும்? விலை, தூரம், கைபேசிச் செயலியின் அழகு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

கடையில் கிடைக்கும் வைஃபை பிளக்கைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சில நிமிடத்தில் வேலை செய்யத் தொடங்கிவிடும். ஆனால் நான் வாங்கியதில் சாக்கெட்டுக்கும் கைபேசிக்கும் நடுவே எங்கோ ஒரு சர்வர் இருக்கிறது. இஎஸ்பி8266 என்ற வைஃபை சில்லு உள்ள பிளக் என்றால் டாஸ்மோட்டா என்ற இலவச நிரலை ஏற்றி அந்தச் சர்வரை விலக்கிவிடலாம். மின்சாரம் வந்ததும் எந்த நிலையில் எழ வேண்டும் என்று ‘பவர்ஆன்ஸ்டேட்’ கட்டளையால் சொல்லலாம். பிற்காலத்தில் வந்த பல பிளக்குகளில் வேறு சில்லு இருப்பதால், வாங்கும் முன் அதைப் பார்த்துக்கொள்வது நல்லது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சில நொடி இடைவெளியில் மின்சாரம் ஆறேழு முறை போய் வந்தால், அமைப்புகளை அழித்துவிட்டுத் தொடக்க நிலைக்குத் திரும்பும் வசதி டாஸ்மோட்டாவில் உண்டு. கடவுச்சொல்லை மறந்தவர்களுக்கு உதவும் வசதி அது. மழைக்காலத்தில் மின்சாரம் கண்சிமிட்டும் ஊர்களில் ‘செட்ஆப்ஷன்65’ஐ 1 என்று வைத்து அதை முதல் நாளே நிறுத்திவிடுங்கள்.

இனி ரிலே. சாதாரண 5 வோல்ட் ரிலே பலகையில் மூன்று திருகுகள் இருக்கும்: காம் (பொது முனை), என்ஓ (இயல்பில் திறந்தது), என்சி (இயல்பில் மூடியது). என்ஓவில் இணைத்தால் ரிலே இழுக்கும்போதுதான் (இயங்கும்போதுதான்) மின்சாரம் பாயும். என்சியில் இணைத்தால் ரிலே சும்மா இருக்கும்போதே பாயும், இழுத்தால்தான் நிற்கும். பம்பை என்சியிலும் இஸ்திரிப் பெட்டியை என்ஓவிலும் இணைத்தேன். இப்போது மின்சாரம் வந்த கணத்தில் பம்ப் ஓடத் தொடங்குகிறது. நோடுஎம்சியு விழித்திருக்க வேண்டியதில்லை, ரவுட்டர் எழுந்திருக்க வேண்டியதில்லை, நான் எழுதிய நிரல் சரியாக இருக்க வேண்டியதுகூட இல்லை. பலகையே எரிந்துபோனாலும் மீனுக்குக் காற்று உண்டு. இஸ்திரிப் பெட்டியோ, யாராவது பொத்தானை அழுத்தும்வரை குளிர்ந்தே இருக்கும். இந்தத் தேர்வு நிரலில் இல்லை, திருகில் இருக்கிறது. என்னிடமுள்ள மற்ற இரண்டிலும் அந்தத் திருகு என் கைக்கு எட்டாது.

நோடுஎம்சியுவில் உள்ள சில்லும் இஎஸ்பி8266தான். அது எழும் நேரத்தில் அதன் சில கால்களில் மின்னழுத்தம் தானாகவே மேலும் கீழும் ஆடும். ரிலே டக்கென்று அடிக்கும். ஜிபிஐஓ 4, 5 என்ற கால்கள் (பலகையில் டி2, டி1) இரண்டிலும் இந்தத் தொல்லை இல்லை. அவற்றையே எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வழியின் விலை ரூபாயில் இல்லை. 230 வோல்ட் உங்கள் மேசைக்கு வருகிறது. ரிலே துண்டிக்க வேண்டியது பேஸ் கம்பியை, நியூட்ரலை அல்ல. எர்த் கம்பி எங்கும் அறுபடாமல் போக வேண்டும். ஃபியூஸ் வேண்டும், மூடிய பெட்டி வேண்டும், நிரலை ஏற்றி முடித்த பிறகுதான் மின் இணைப்பு. என் ரிலேப் பெட்டியில் 230 வோல்ட் பக்க வேலையை எலக்ட்ரீஷியன் அண்ணன்தான் செய்து கொடுத்தார். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டேன். ரிலேயின் மேல் 10 ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கும். 1000 வாட் இஸ்திரிப் பெட்டி இழுப்பது 4.3 ஆம்பியர்தான், தாங்குகிறது. தண்ணீர் மோட்டாரை இதில் மாட்டாதீர்கள்; கிளம்பும்போது அது பல மடங்கு இழுக்கும், அதற்குக் கான்டாக்டர் என்ற பெரிய சுவிட்ச் வேண்டும். கீசரில் நான் முயன்றதில்லை. என் பெட்டிக்கு இரண்டு மழைக்காலம்தான் வயது. ரிலேயின் முனைகள் எத்தனை ஆண்டு தாங்கும் என்பதை இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

பழைய ரேடியோ சாக்கெட்டைத் தூக்கிப் போடவில்லை. கார்த்திகைக்கு மாடியில் கட்டும் தொடர் விளக்கை அதில்தான் செருகுகிறேன். மின்சாரம் போய் வந்து அது அணைந்தே கிடந்தாலும், மாடியேறி ஒருமுறை அழுத்தினால் போதும்.