பழைய மல்டி ஆக்சிஸ் லேத்: சி அச்சா, ஒய் அச்சா, இரட்டை டரட்டா?

செகண்ட் ஹேண்டில் சிஎன்சி லேத் (கணினி ஓட்டும் கடைசல் இயந்திரம்) பார்க்கப் போகிறவர்கள் எத்தனை அச்சு (டூலோ ஜாப்போ நகரும் திசை) என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நான் ஒரு டிராயிங்கைக் கையில் எடுத்துக்கொண்டு போவேன். 45 மி.மீ. பாரில் 70 மி.மீ. நீளத்துக்கு ஒரு ஷாஃப்ட். முன்பக்கம் 30 மி.மீ. விட்டத்தில் 8 மி.மீ. கீவே (சாவி உட்காரும் பள்ளம்). நடுவில் குறுக்கே ஒரு 6 மி.மீ. துளை, அதுவும் மையத்தில் இல்லை, 5 மி.மீ. தள்ளி. பின்பக்கம் போர் (உள்ளே கடைந்த துளை), உள்மரை. ரொம்ப சாதாரணமான ஜாப்தான். ஆனால் சந்தையில் கிடைக்கிற மூன்று வகை லேத்தும் இதில் தங்கள் குணத்தைக் காட்டிவிடும்.

முதல் வகை, சி அச்சும் (ஜாப்பைப் பிடித்துச் சுழற்றும் ஸ்பிண்டிலைக் கோணக் கணக்கில் திருப்புவது) லைவ் டூலும் (தானே சுழலும் கட்டர்) மட்டும் உள்ளது. கீவே போடலாம், ஆனால் 8 மி.மீ. கட்டர் நேராக இறங்கி இஸட்டில், அதாவது ஜாப்பின் நீளவாக்கில், ஓடும், அவ்வளவுதான். கட்டர் என்ன சைஸோ அதுதான் கீவே அகலம். ரீகிரைண்ட் (மறுசாணை) செய்த கட்டர் என்றால் டைட், கட்டர் வளைந்தால் சுவர் சாய்வு. இரண்டு சுவரையும் தனித்தனியாக ஃபினிஷ் செய்ய வழியில்லை. தள்ளி இருக்கும் அந்தக் குறுக்குத் துளையோ முடியவே முடியாது. பின்பக்கத்துக்கு ஜாப்பைத் திருப்பிப் பிடிக்க வேண்டும்.

அதற்காக இந்த வகையை மட்டம் தட்ட மாட்டேன். முகத்தில் சதுரம், அறுகோணம், பிசிடி துளைகள் (வட்டத்தில் அமையும் துளைகள்) என்று ஃபிளேஞ்ச் வேலைகள் வருகிற பட்டறைக்கு ஜி12.1 போலார் இன்டர்பொலேஷனே (மையத்தை நோக்கி நகரும் எக்ஸும் சியும் சேர்ந்து முகத்தில் வடிவம் வெட்டும் கட்டளை) போதும். புதிதாக எழுதுகிறவர்கள் அதில் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: எக்ஸ் விட்டக் கணக்கு, சி ஆரக் கணக்கு. 20 மி.மீ. சதுரத்தின் மூலை எக்ஸ்20. சி10. ஆகும். சி20. என்று அடித்தால் சதுரம் 20க்கு 40 செவ்வகமாகிவிடும். ஒரு தடவை ஸ்கிராப் போட்டால் ஆயுசுக்கும் மறக்காது. மையத்துக்கு அருகே டூல் போகும்போது சி அச்சு வேகமாகச் சுழல வேண்டியிருக்கும். தேய்ந்த லேத்தில் அந்த இடத்தில்தான் கோடு விழும். டெமோவில் அதையே வெட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

இரண்டாம் வகை, ஒரே டரட் (டூல்களைத் தாங்கும் சுழல் தலை), ஒய் அச்சு (மையத்திலிருந்து மேலும் கீழும் டூல் நகர்வது), சப் ஸ்பிண்டில் (எதிரே நின்று ஜாப்பை வாங்கிப் பிடிக்கும் இரண்டாம் ஸ்பிண்டில்). 6 மி.மீ. கட்டரால் கீவேயை முதலில் ரஃப் செய்துவிட்டு, ஒய்யில் இந்தப் பக்கம் ஒரு ஃபினிஷ், அந்தப் பக்கம் ஒரு ஃபினிஷ். அகலத்தை ஆஃப்செட்டில் (டூலுக்குக் கொடுக்கும் திருத்த எண்) மைக்ரான் கணக்கில் ஏற்றி இறக்கலாம். தள்ளிய துளைக்கு ஒய்5. போதும். சப் ஸ்பிண்டில் வந்து பிடித்து, பார்ட்டிங் (பாரிலிருந்து அறுப்பது) ஆனதும் பின்பக்கப் போரும் மரையும் முடிந்து ஜாப் வெளியே வரும்.

மூன்றாம் வகையில் இரண்டு ஸ்பிண்டிலும் இரண்டு டரட்டும். முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே நேரத்தில் ஓடும். பார்க்கப் பிரமாதமாக இருக்கும், விற்கிறவரும் அதைத்தான் ஓட்டிக் காட்டுவார். கொஞ்சம் கணக்குப் போடுங்கள். நம் ஜாப்பில் முன்பக்கம் 140 விநாடி, பின்பக்கம் 90 விநாடி என்று வைப்போம். ஒற்றை டரட் ஒன்றை முடித்துத்தான் அடுத்ததற்குப் போகும். இரட்டை டரட் அந்த 90 விநாடியை உள்ளே மடக்கிவிடும். 200 பீஸ் ஆர்டரில் லாபம் 5 மணி நேரம். 5,000 பீஸ் என்றால் 125 மணி நேரம். இரண்டு பாதைக்கும் (ஒவ்வொரு டரட்டின் ஓட்டத்துக்கும்) தனித்தனிப் புரோகிராம், நடுவில் காத்திருப்பு எம் கோடுகள் (எம் எழுத்தில் தொடங்கும் கட்டளைகள்), எந்த டூல் எதில் இடிக்கும் என்ற கவலை எல்லாம் சேர்ந்து முதல் பீஸ் வர கூடுதலாக அரை ஷிஃப்ட் ஆனால், 200 பீஸ் ஆர்டரில் அந்த லாபத்தில் பெரும்பகுதி அங்கேயே கரைந்தது. ஒரு பாதை காத்திருப்புக் கோடுக்கு வந்து நிற்கும். மறுபாதையும் அதே கோடுக்கு வந்தால்தான் இரண்டும் கிளம்பும். ஒரு வரியை விட்டுவிட்டால் இரண்டு டரட்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு சும்மா நிற்கும். கீழ் டரட்டில் ஒய் இருக்கிறதா என்றும் பாருங்கள். பல லேத்களில் இருக்காது.

சோதிக்கும்போது மூன்றுக்கும் ஒரே செக்லிஸ்ட் உதவாது. ஸ்பிண்டில் ரன்-அவுட் (சுழலும்போது ஆடும் ஆட்டம்), சத்தம், அரை மணி நேரம் ஓட்டியபின் சூடு, நீளமான பாரில் டேப்பர் (ஒரு முனை பருத்து மறுமுனை சிறுத்தல்) எல்லாம் எங்கும் பார்க்க வேண்டியவை. ஒய் அச்சில்தான் கள்ளம் ஒளிந்திருக்கும். நிறைய லேத்களில் ஒய் தனி ஸ்லைடு கிடையாது. எக்ஸும் இன்னொரு சாய்ந்த ஸ்லைடும் சேர்ந்து நகர்ந்தால்தான் அது ஒய். ஒன்று தேய்ந்தாலும் கோடு கோணலாகும். சக்கில் ஒரு நேர்ப்பட்டையைப் பிடித்து, டரட்டில் டயல் என்கிற முள் அளவியைப் பொருத்தி, ஒய்யை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நகர்த்துங்கள். திரும்பும் இடத்தில் முள் துள்ளினால் விஷயம் புரிந்துவிடும்.

ஒருமுறை நான் பார்த்த லேத்தில் டர்னிங் எல்லாம் அற்புதமாக வந்தது. பேச்சு முடிந்து கிளம்பும் நேரத்தில் சும்மா ஆஃப்செட் பக்கத்தைத் திறந்தேன். எல்லா டூலுக்கும் ஒய்யில் ஒரே திசையில் 0.2 மி.மீ. அளவில் ஏற்றியிருந்தார்கள். டரட் எங்கேயோ பலமாக இடித்து நகர்ந்திருக்கிறது. சென்டர் ஹைட் (டூல் நுனி மையத்தோடு நிற்கும் உயரம்) தவறியதை ஒய்யை வைத்து மறைத்திருக்கிறார்கள். ஒய் இல்லாத லேத்தில் இந்த வித்தை நடக்காது, அந்த வகையில் முதல் வகை நேர்மையானது! இரட்டை டரட்டில் இடிக்கிற வாய்ப்பும் இரட்டிப்பு. மெயின் ஸ்பிண்டிலில் டயலைக் கட்டி இரண்டு டரட்டின் ஹோல்டர் போர்களையும், சப் ஸ்பிண்டிலையும் சுற்றிப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

ஃபானுக் கண்ட்ரோல் (லேத்தை ஓட்டும் கணினி) என்றால் பாராமீட்டர் பக்கத்தையும் பாருங்கள். 6750-ல் மின்சாரம் போட்டிருந்த மொத்த நிமிடங்கள், 6754-ல் வெட்டிய நிமிடங்கள். 1851-ல் பேக்லாஷ் (திசை திரும்பும்போது ஸ்க்ரூவில் வரும் தளர்வு) ஈடு; 0.001 மி.மீ. அலகில் அங்கே 60 என்று இருந்தால் ஸ்க்ரூ தேய்ந்ததை எண்ணால் மூடி வைத்திருக்கிறார்கள் என்று பொருள்.

புரோகிராம் எழுதுவதிலும் கண்ட்ரோலுக்குக் கண்ட்ரோல் சுபாவம் வேறு. ஃபானுக்குக்குக் கேம் போஸ்ட் (கேம் மென்பொருள் போடும் பாதையைக் கண்ட்ரோலின் மொழிக்கு மாற்றும் கோப்பு) எளிதாகக் கிடைக்கும், தெரிந்த ஆட்களும் கிடைப்பார்கள். ஆனால் சி அச்சை இணைப்பது, லைவ் டூலைச் சுற்றுவது, ஸ்பிண்டில்களை ஒத்திசைப்பது எல்லாம் லேத் தயாரித்தவர் வைத்த எம் கோடுகள். அந்தப் பட்டியல் இல்லாமல் வாங்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுவது மாதிரி. ஜி கோடு சிஸ்டம் ஏ-யா பி-யா என்பதையும் கேளுங்கள்: ஏ-யில் ஜி98, ஜி99 என்றால் ஃபீடு முறை, பி-யில் அதே கோடுகள் டிரில்லிங் சைக்கிளில் டூல் எந்த மட்டத்துக்குத் திரும்ப வேண்டும் என்று சொல்பவை. தவறான போஸ்ட் இங்கேதான் கட்டரை உடைக்கும். மசாக் லேத்களின் மசாட்ரோலில் நாலைந்து பீஸ் ஜாப்பை லேத் முன் நின்றே எழுதி ஓட்டிவிடலாம், அந்தச் சுகமே தனி. கேமிலிருந்து ஓட்ட நினைத்தால் ஈஐஏ (ஜி கோடு) ஆப்ஷன் திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒக்குமாவின் ஓஎஸ்பி கண்ட்ரோல் தனி உலகம்: ரஃபிங்குக்கு ஜி85, டூல் எண்ணே ஆறு இலக்கம். பழகியவர் விட மாட்டார், பழகாதவருக்குச் சில வாரம் எரிச்சல்.

என் ஓட்டு இரண்டாம் வகைக்கு. பத்து, நூறு, இருநூறு என்று ஜாப் மாறிக்கொண்டே இருக்கும் பட்டறையில், கொஞ்சம் வயதான ஒய்-சப் லேத் ஒன்று புதுசான இரட்டை டரட்டைவிட அதிகம் உழைக்கும். ஒரே குடும்ப பார்ட் மாதக்கணக்கில் ஓடுகிறதென்றால் மட்டும் மூன்றாவது, அதுவும் இரண்டு பாதையும் எழுதத் தெரிந்தவர் ஏற்கெனவே உங்களிடம் இருந்தால்.

எதை எடுத்தாலும் வண்டியில் ஏற்றும் முன் எஸ்ரேம் (கண்ட்ரோலின் நினைவகம்) பேக்கப்பை, பாராமீட்டர் உட்பட, கார்டில் வாங்கிக்கொள்ளுங்கள்; லேடரை (லேத்தின் உள் இயக்கப் புரோகிராம்) தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். பல ஜப்பானிய லேத்களில் இடம் மாற்றினால் பூட்டிக்கொள்ளும் உணரி உண்டு. தயாரிப்பாளர் வந்து திறந்தால்தான் ஓடும், அதை விற்பவர் பொறுப்பில் எழுதி வாங்குங்கள். ஆப்சல்யூட் என்கோடர் (அச்சு நிற்கும் இடத்தை நினைவில் வைக்கும் உணரி) பேட்டரியை மெயின் ஆனில் இருக்கும்போதே மாற்றிவிடுங்கள். ஆஃப் செய்துவிட்டுக் கழற்றினால் புது இடத்தில் முதல் நாள், ஃபானுக் என்றால், 300ஆம் எண் அலாரத்தோடு விடியும். டரட்டின் பூஜ்யத்தை டயல் வைத்துத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.