54ஐ விற்று 52 வாங்கிய கதை: ரோடு பைக் ஃபிரேம் அளவு பற்றிய நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

என் முதல் ரோடு பைக்கை, அதாவது தார்ச்சாலையில் வேகமாக ஓட்டுவதற்கான சைக்கிளை, மூன்று ஆண்டுகளில் 11,000 கி.மீ. ஓட்டிவிட்டு விற்றேன். நல்ல வண்டிதான்; கியரோ பிரேக்கோ ஒரு நாளும் தொல்லை கொடுத்ததில்லை. அதன் ஃபிரேம் 54 அளவு, என் உடம்புக்கு வேண்டியிருந்ததோ 52. விற்றதற்குக் காரணம் அது ஒன்றே. இப்போது 52 அளவு வண்டியிலும் 8,000 கி.மீ. கடந்துவிட்டதால், இரண்டையும் ஒப்பிட்டு எழுத முடிகிறது.

என் உயரம் 172 செ.மீ. அளவு அட்டவணைகளில் இந்த உயரம் பெரும்பாலும் 52க்கும் 54க்கும் நடுவில் வந்து மாட்டிக்கொள்ளும். கடையில் ஃபிரேமின் மேற்குழாய்க்கு இருபுறமும் கால் ஊன்றி நிற்கச் சொன்னார்கள். இடைவெளி தாராளமாக இருந்ததால், 54தான் சரி என்று முடித்துவிட்டார்கள். அங்கே இருப்பில் இருந்ததும் 54 மட்டுமே என்பது பின்னர் தெரிந்தது. ஆனால் பழியை முழுவதும் அவர்கள் மேல் போட எனக்கு மனம் வரவில்லை. கால் உயரத்தை (கவட்டிலிருந்து தரை வரை) 0.65 ஆல் பெருக்கும் பழைய கணக்கை வீட்டிலேயே போட்டுப் பார்த்துவிட்டுத்தான் போயிருந்தேன். 82 செ.மீ. உயரமுள்ள காலுக்கு அது 53.3 என்று விடை தந்தது. அதாவது, கணக்கும் 54 பக்கமே சாய்ந்தது.

அந்தக் கணக்கு, மேற்குழாய் தரைக்கு இணையாக இருந்து, சீட்டைத் தாங்கும் குழாயின் செ.மீ. நீளமே ஃபிரேம் அளவாக இருந்த காலத்துக்கு உரியது. 1990களின் பிற்பகுதியில் பிரிட்டிஷ் வடிவமைப்பாளர் மைக் பரோஸ் ஜயன்ட் சைக்கிள் நிறுவனத்துக்காக வடிவமைத்த டிசிஆர் என்ற மாடல் வந்த பிறகு, மேற்குழாய் பின்னோக்கிச் சரியும் ஃபிரேம்கள் பரவலாயின. அதன்பின் 52, 54 என்பவை சட்டைக் காலரில் தைத்திருக்கும் எம், எல் போல ஆகிவிட்டன. ஒரு நிறுவனத்தின் 54 இன்னொன்றின் 52க்குச் சமமாக இருக்கலாம். உண்மையில் பார்க்க வேண்டியவை ஸ்டேக், ரீச் என்ற இரண்டு அளவுகள்தாம். பெடல்களைத் தாங்கும் கிராங்க் சுழலும் அச்சின் மையத்திலிருந்து, ஃபிரேமின் முன்முனைக் குழாயான ஹெட் டியூபின் உச்சி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது ஸ்டேக். எவ்வளவு முன்னால் தள்ளியிருக்கிறது என்பது ரீச்.

என் உடலமைப்பில் கால் நீளம், முதுகு குட்டை. சீட்டை ஏற்றி இறக்கிக் காலின் நீளத்துக்குப் பதில் சொல்லிவிடலாம். முதுகும் கையும் எட்ட வேண்டிய தூரத்தைப் பெருமளவு ஃபிரேமே முடிவு செய்துவிடுகிறது. காலை அளந்து ஃபிரேம் வாங்கியதில்தான் நான் சறுக்கினேன்.

வாங்கிய முதல் ஆண்டில் இது உறைக்கவில்லை. சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலையான ஈசிஆரில் திருவான்மியூரிலிருந்து கோவளம் வரை போய் வருவதற்கு எந்த வண்டியும் போதும். மாமல்லபுரம் போய்த் திரும்பும் ஏறக்குறைய 90 கி.மீ. வழக்கமானபோது கழுத்தும் தோள்பட்டையும் முனக ஆரம்பித்தன. பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டிய 200 கி.மீ. பிரெவே (நேர வரம்புள்ள நெடுந்தூரச் சைக்கிள் ஓட்டம்) ஒன்றை ஓட்டிவிட்டு வந்த மறுநாள், இடது கையின் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துக் கிடந்தன. நான் தட்டச்சு செய்வது தமிழ்99 விசைப்பலகை முறையில். அதில் ‘அ’ இடது சுண்டுவிரலுக்கு உரியது. அன்று அலுவலகத்தில் நான் எழுதிய சொற்களில் அகரம் பாதி இடங்களில் விழவே இல்லை. உள்ளங்கையின் ஓரத்தில் ஓடும் அல்னார் நரம்பு நெடுநேரம் அழுத்தப்பட்டால் இப்படித்தான் ஆகும் என்று மருத்துவர் விளக்கினார்.

கைக்கு எட்டவில்லை என்பதால் சீட்டை முன்னால் தள்ளினேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. சீட் முன்னேறினால் உடலின் எடையும் முன்னேறிக் கையின் மேல் இறங்கும். எந்த நோவுக்கு மருந்து தேடினேனோ அதுவே கூடியது, கூடவே முழங்காலின் முன்பக்கத்தில் புதிதாக ஒரு வலியும் சேர்ந்தது. பிறகு, ஹேண்டில்பாரை வண்டியோடு இணைக்கும் 100 மி.மீ. ஸ்டெம்மைக் கழற்றி 70 மி.மீ. போட்டேன். கை எட்டியது, ஆனால் ஹேண்டில்பார் உயரவில்லை, ஏனெனில் ஸ்டெம்முக்கு அடியில் ஏற்கெனவே 30 மி.மீ. உயரத்துக்கு ஸ்பேசர் வளையங்கள் இருந்தன, அதற்கு மேல் ஏற்றத் தயாரிப்பாளர் அனுமதிக்கவில்லை. வண்டியின் பொறுமையும் போயிற்று. முட்டுக்காடு பாலத்தில் பக்கவாட்டில் கடற்காற்று அடிக்கும்போது, கை சற்று அசைந்தாலே முன்சக்கரம் துள்ளித் திரும்பியது.

பழைய ஃபிரேமின் ஸ்டேக் 543 மி.மீ., ரீச் 385. புதியதன் ஸ்டேக் 560, ரீச் 372, ஸ்டெம் 90. இரண்டிலும் ஒரே அளவு ஸ்பேசர் வைத்தால், புதிய வண்டியின் ஹேண்டில்பார் 17 மி.மீ. உயரத்திலும், பழைய வண்டி கடையிலிருந்து வந்த நிலையோடு ஒப்பிட்டால் 23 மி.மீ. அருகிலும் இருக்கிறது. தாளில் பார்த்தால் ஒரு விரற்கடை. நான்கு மணி நேரம் அதே நிலையில் உட்கார்ந்திருப்பவனுக்கு அது வேறு வண்டி. ஆனால் 52 என்ற எண் மட்டும் என்னைக் காப்பாற்றியதாக யாரும் நினைத்துவிட வேண்டாம். பந்தயத்துக்கு வடிவமைத்த 52 ஒன்றையும் ஓட்டிப் பார்த்தேன். ரீச் குறைந்தது, கூடவே ஸ்டேக்கும் இறங்கியதால், என் நீளக் காலுக்கு உயர்த்திய சீட்டிலிருந்து ஹேண்டில்பார் பள்ளத்தில் கிடந்தது. நான் வாங்கியது நெடுந்தூரத்துக்கு என்று விற்கப்படும் எண்டியூரன்ஸ் வகை.

சீட் உயரத்துக்கு மட்டும் பழைய கணக்கு ஒன்றை இன்றும் நம்புகிறேன். கால் உயரத்தை 0.883 ஆல் பெருக்கினால், கிராங்க் அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேல்பரப்பு வரையான தூரம் கிடைக்கும். டூர் டி பிரான்ஸை மூன்று முறை வென்ற கிரெக் லெமாண்டின் பெயரால் பிரபலமானது இது. எனக்கு 72.4 செ.மீ. வந்தது, ஓட்டிப் பார்த்து 72.1இல் நிறுத்திக்கொண்டேன். பேன்ட்டின் உட்தையல் அளவை எடுத்துப் பெருக்கக் கூடாது. என் பேன்ட் அளவு 76 செ.மீ., அதை நம்பியிருந்தால் சீட் 5 செ.மீ. தாழ்ந்திருக்கும். வெறுங்காலோடு சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கால்களுக்கிடையே எலும்பில் முட்டும்வரை மேலே அழுத்தி, அதன் விளிம்பிலிருந்து தரை வரை இன்னொருவரை அளக்கச் சொல்ல வேண்டும்.

அந்த உயரத்தில், சீட்டைத் தாங்கி ஃபிரேமுக்குள் இறங்கும் சீட் போஸ்ட்டைச் சுற்றி ஒரு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டியிருக்கிறேன். சென்ற கோடையில் காலில் வலுவே இல்லை என்று இரண்டு வாரம் வெயிலை நொந்துகொண்டிருந்தேன்; ஒரு நாள் வண்டியைத் துடைக்கும்போதுதான், டேப்பின் கீழ்விளிம்பு போஸ்ட்டை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்புக்குள் போயிருப்பதைக் கண்டேன். கார்பன் போஸ்ட் கொஞ்சம் கொஞ்சமாக நழுவி 6 மி.மீ. இறங்கியிருந்தது. கார்பனுக்கு உரிய பேஸ்ட் தடவி, குறித்திருந்த 5 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முறுக்கிய பிறகு நழுவவில்லை. உயரத்தை மாற்றுவதானால் ஒரு தடவைக்கு 3 மி.மீ.க்கு மேல் போவதில்லை, மாற்றிய பின் நூறு கிலோமீட்டராவது ஓட்டாமல் தீர்ப்பு எழுதுவதுமில்லை.

மற்றவை சில்லறை மாற்றங்கள். ஹேண்டில்பாரின் அகலம் 42இலிருந்து 40 செ.மீ. ஆனது, கிராங்க் 172.5இலிருந்து 170 மி.மீ. ஆனது. இரண்டிலும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

விரல் மரத்துப்போவது நின்றுவிட்டது. கழுத்து 150 கி.மீ.க்குப் பிறகுதான் தன் இருப்பைத் தெரிவிக்கிறது. புதிய ஃபிரேமில் எனக்கு உள்ள ஒரே குறை, முன்சக்கரம் பெடலுக்கு நெருக்கமாக வந்துவிட்டது. மெதுவாகப் போய் முழு வட்டமாகத் திரும்பும்போது ஷூவின் முனை டயரில் உரசும். கோவளம் பிரிவில் ஒரு டீக்கடை முன்பு, ஷூ பெடலோடு கொக்கியில் பூட்டியிருக்க, இப்படித் திரும்பப் போய் அப்படியே சாய்ந்து விழுந்தேன். கடைக்காரர் வந்து தூக்கிவிட்டார். இப்போதெல்லாம் அந்த இடத்தில் இறங்கி, வண்டியைத் தள்ளித் திருப்பிக்கொண்டு ஏறுகிறேன்.