புல்கட்டும் தொழுவுரமும் வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை

வீட்டில் காய்கறி வளர்ப்பதற்காக வைக்கோல் கட்டுகளையோ தொழுவுரத்தையோ விலைக்கு வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள், கட்டைப் பிரிப்பதற்கு முன் இதைப் படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். எட்டுக் கட்டுகளையும், இரண்டு மேட்டுப்பாத்திகளை நிரப்பும் அளவுக்கு மட்கிய தொழுவுரத்தையும் ஒரே விற்பனையாளரிடம் வாங்கினேன்; அவற்றில் தங்கியிருந்த களைக்கொல்லியால் ஒரு பருவத்துத் தக்காளியும் பீன்ஸும் எனக்கு முழுமையாகப் பாழாயின.

நான் கேட்டது வைக்கோல். வந்து இறங்கியது உலர்புல். தானியத்தை அடித்து எடுத்தபின் எஞ்சும் தாளே வைக்கோல் என்பதால் அதில் விதை மிகக் குறைவு. உலர்புல்லோ கால்நடைத் தீவனத்துக்காகக் கதிரோடும் விதையோடும் அறுத்துக் காயவைக்கப்படுவது. இந்த வேறுபாட்டைச் சுட்டிக்காட்டியபோது, இரண்டும் ஒன்றுதான் என்றார் விற்பனையாளர். புல் விளைந்த நிலத்தில் களைக்கொல்லி தெளித்தார்களா என்று கேட்டதற்கு, "எல்லாம் இயற்கைதான்" என்ற பதிலே கிடைத்தது. எந்த நிலத்திலிருந்து வந்தது என்பதை எழுதித் தருமாறு கேட்டேன். அதைக் கடைசிவரை தரவில்லை. அங்கேயே நான் திரும்பி வந்திருக்க வேண்டும்.

மண்ணுக்குப் பதிலாகக் கட்டிலேயே நாற்று நடுவதற்காக, அது உள்ளே சூடாகி மட்கத் தொடங்குமாறு பதப்படுத்தும் வேலையை முறையாகவே செய்தேன். தழைச்சத்து உரம் தூவி, உள்வரை நனையுமாறு பன்னிரண்டு நாட்கள் தண்ணீர் ஊற்றினேன். நடுவில் செருகிய வெப்பமானி 50 டிகிரி செல்சியஸைத் தாண்டி, பிறகு மெல்ல இறங்கியது. சூடு தணிந்த பின்னரே நாற்று நட்டேன். ஒரு வாரத்துக்குள் கட்டின் வெளிப்புறமெங்கும் புல் முளைத்துப் பச்சைப் போர்வைபோல் மூடிக்கொண்டது. அதைப் பிடுங்குவது தொல்லைதான் என்றாலும், உண்மையான கேடு அதுவன்று.

நட்ட மூன்றாவது வாரத்தில் தக்காளியின் கொழுந்துகள் மாறத் தொடங்கின. புதிதாக வந்த இலைகள் விரியாமல் கிண்ணம்போல் மேல்நோக்கிக் குவிந்தன. நுனிக் குருத்து பெரணி இலையின் சுருளைப்போல முறுக்கிக்கொண்டது. தண்டை விரலால் தொட்டபோது வழக்கத்தைவிடத் தடித்து, எளிதில் முறியும் தன்மையோடு இருந்தது. பீன்ஸில் மும்மூன்று சிற்றிலைகளாக வரும் மூவிலைகள் சுருங்கி, நரம்புகள் நெருங்கி நின்றுவிட்டன. ஆனால் தொழுவுரம் நிரப்பிய பாத்தியின் மூலையில் விதைத்திருந்த மக்காச்சோளம் மட்டும் எந்தக் குறையுமின்றிச் செழித்து வளர்ந்தது. அந்தக் காட்சிதான் என்னை யோசிக்க வைத்தது.

படங்களை அனுப்பியபோது, அதிகத் தண்ணீர் ஊற்றியிருப்பீர்கள் என்றார் விற்பனையாளர்; பிறகு அது இலைச்சுருட்டு வைரஸ் என்றார். வைரஸ் என்றால் வெள்ளை ஈயின் வழியே ஒரு செடியில் தொடங்கி அடுத்த செடிக்குப் படிப்படியாகப் பரவும். இங்கோ கட்டுகளிலும் பாத்திகளிலும் இருந்த செடிகள் அனைத்தும் ஒரே வாரத்தில் சுருண்டன. அதே நாற்றங்காலில் இருந்து எடுத்துப் பழைய மண்தொட்டிகளில் நட்ட நாற்றுகள் நலமாக இருந்தன.

அமினோபைரலிட், குளோபைரலிட், பிக்லோரம் போன்ற களைக்கொல்லிகள் மேய்ச்சல் நிலங்களிலும் புல்வயல்களிலும் அகன்ற இலைக் களைகளை அழிக்கத் தெளிக்கப்படுபவை. புல்லினத்துக்கு அவை தீங்கு செய்வதில்லை. மக்காச்சோளம் தப்பியதற்கு அதுவே காரணம். அந்தப் புல்லை மாடு தின்றாலும் மருந்து பெரும்பாலும் சிதையாமல் சாணத்தில் வெளியேறுகிறது. உரக்குவியல் மட்கிய பின்னும் எஞ்சி நிற்கிறது. தக்காளியையும் பயறு வகைகளையும் உருக்குலைக்க, நூறு கோடியில் ஒரு சில பங்கு இருந்தாலே போதும். பிரிட்டனில் 2008-ஆம் ஆண்டு இவ்வாறு வந்த தொழுவுரத்தால் ஏராளமான வீட்டுத்தோட்டக்காரர்கள் பயிரை இழந்ததால், அமினோபைரலிட் விற்பனையே சில காலம் நிறுத்தி வைக்கப்பட்டது. அப்படியிருக்க, தன் சரக்கு எந்த நிலத்திலிருந்து வந்தது என்று தெரியாத ஒருவர் அதை 'இயற்கை' என்று சொல்லி விற்பது ஏமாற்றுதான்.

வாங்கிய பின் நான் செய்த சோதனையை நீங்கள் வாங்கும் முன்பே செய்துவிடுங்கள். குவியலின் நான்கைந்து இடங்களிலிருந்து மாதிரி எடுத்து, புல்லாக இருந்தால் பொடியாக நறுக்கி, நல்ல மண்ணோடு கலந்து மூன்று குவளைகளிலும், கலப்பில்லாத மண்ணை வேறு மூன்று குவளைகளிலும் நிரப்பி, ஒவ்வொன்றிலும் மூன்று பீன்ஸ் விதைகளை ஊன்றுங்கள். ஒன்றின் நீர் மற்றொன்றில் வடியாதபடி தனித்தனித் தட்டுகளில் வைக்க வேண்டும். விதையிலைகளைப் பார்த்து முடிவு செய்துவிடக் கூடாது. மூவிலைகள் வரும்வரை மூன்று வாரங்கள் பொறுத்திருங்கள். என் சோதனையில் தொழுவுரம் கலந்த மூன்று குவளைகளிலும் மூவிலைகள் சுருண்டன. வெறும் மண்ணில் முளைத்தவை தட்டையாக விரிந்தன.

குவளைகளின் படத்தை அனுப்பிய பிறகு விற்பனையாளரிடமிருந்து பதில் இல்லை, பணமும் திரும்பவில்லை. அந்தச் செடிகளையும் கட்டுகளையும் நான் மட்குக்குழியில் சேர்க்கவில்லை. சேர்த்தால் அந்த உரமும் கெட்டுவிடும். மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள்தான் இம்மருந்தைச் சிதைக்க வேண்டும் என்பதால், பாத்திகளை அடிக்கடி கிளறி ஈரமாக வைத்து, மக்காச்சோளம் மட்டும் விதைத்திருக்கிறேன். அதன் தட்டையும் மட்குக்குழிக்குப் போகாது. சென்ற மாதம் பாத்தி மண்ணில் மீண்டும் பீன்ஸ் ஊன்றிப் பார்த்ததில் மூன்று குவளைகளில் இரண்டில் இலைகள் நேராக விரிந்திருக்கின்றன. மூன்றாவதில் இன்னும் சுருள்கிறது.