போர்டோ கலவையா, பேசில்லஸா? கணக்குப் போட்டுப் பார்த்த பிறகு

தக்காளிப் பாத்திக்கு மூன்று வருடம் போர்டோ கலவைதான் அடித்தேன்; மயில்துத்தமும் (செம்பு சல்பேட்) சுண்ணாம்பும் சேர்ந்த பூஞ்சாண மருந்து அது. கடைசி இரண்டு பருவமாகப் பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியா மருந்து. எது மேல் என்று கேட்டால், நான் பேசில்லஸ் பக்கம். நோயை அடக்குவதில் அது ஜெயித்துவிட்டது என்பதால் இல்லை. அந்தப் போட்டியில் செம்புதான் ஜெயிக்கும்.

ஏன் என்பது தெரிந்த கதைதான். 1885-இல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் மிலார்தே திராட்சையின் அடிச்சாம்பல் நோய்க்கு இந்தக் கலவையை வெளியிட்டார், இன்றுவரை ஓடுகிறது. செம்பு அயனி பூஞ்சாணத்தின் ஏதோ ஒரு நொதியை மட்டும் தாக்குவதில்லை, பலவற்றை ஒரே நேரத்தில் முடக்குகிறது. அதனால் பூஞ்சாணங்கள் எளிதில் பழகிக்கொள்வதில்லை. பாக்டீரியாக்கள் அப்படி இல்லை. இலைப்புள்ளி உண்டாக்கும் சாந்தோமோனாஸ் வகைகள் பல இடங்களில் செம்புக்கு அசையாத அளவுக்குத் தேறிவிட்டன.

பேசில்லஸ் ஒரு பாக்டீரியா. இலைமேல் இடம் பிடித்துக்கொண்டு, பூஞ்சாணத்தின் சவ்வைக் கிழிக்கும் பொருள்களைச் சுரக்கிறது. வெயில் அதைக் கொல்லும், மழை கழுவிவிடும். வாரத்துக்கொரு தடவை, அதுவும் சாயங்காலத்தில் அடிக்க வேண்டும். ஆல்டர்னேரியா என்ற பூஞ்சாணத்தால் வரும் முன்கருகலுக்கு எனக்குத் திருப்தியாக இருந்தது. தொடர் மழையில் பின்கருகல் வந்தபோது கைவிட்டது, மறைப்பானேன். இரண்டே பருவம், ஒரே பயிர் என்பதால் திராட்சைக்கோ உருளைக்கோ என் அனுபவத்தை நீட்ட வேண்டாம்.

தயாரிப்பு வேலையில் பேசில்லஸ் சுலபம்: தண்ணீரில் கலக்கு, அடி. போர்டோவுக்கு மயில்துத்தத்தைத் தனியாகக் கரைத்து, சுண்ணாம்புப் பாலில் மெல்ல ஊற்ற வேண்டும். பிளாஸ்டிக் வாளியில்தான், இரும்பு ஆகாது. கடைசியில் பளபளப்பான ஆணி ஒன்றைச் சற்று நேரம் முக்கி எடுத்தால், செம்பழுப்புப் படலம் ஒட்டியிருந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று பொருள். அப்படியே அடித்தால் இலை கருகும். ஒரு தடவை ஆணியைப் பார்க்கச் சோம்பல்பட்டு, கொழுந்தெல்லாம் தீய்ந்தது.

சரி, என் மனதை மாற்றியது இதெல்லாம் இல்லை. ஒரு கூட்டல் கணக்கு.

மயில்துத்தத்தில் கால் பங்கு செம்பு. ஒரு தடவைக்கு 1 சதவீதக் கலவை 5 லிட்டர், அதில் 50 கிராம் மயில்துத்தம், அதாவது 12.5 கிராம் செம்பு. வருடத்துக்கு எட்டுத் தடவை அடித்தேன்: 100 கிராம். என் பாத்தி 40 சதுர மீட்டர். ஹெக்டேருக்கு மாற்றினால் 25 கிலோ. ஐரோப்பிய ஒன்றியம் இயற்கை வேளாண்மை உட்பட அனுமதிக்கும் செம்பின் அளவு ஹெக்டேருக்கு ஏழு வருடத்துக்கு மொத்தம் 28 கிலோ. அவர்களின் ஏழு வருடப் பங்கை நான் ஒரே வருடத்தில் ஏறக்குறைய தீர்த்திருக்கிறேன், அதுவும் ‘இயற்கை மருந்து’ என்ற நினைப்பில்.

செம்பு ஒரு தனிமம். மக்காது, ஆவியாகாது. மண்ணின் மட்கோடு ஒட்டிக்கொண்டு மேலேயே தங்கிவிடும். வேரும் மண்புழுவும் புழங்குவது அதே மேல் சாணில்தான். மண் புளிப்பாக இருந்தால் பிடி தளர்ந்து இன்னும் அதிகமாக உயிர்களுக்குள் போகும். மண்புழு உடனே சாகாவிட்டாலும் அந்த மண்ணை விட்டு விலகும், முட்டைக்கூடுகள் குறையும். என் பாத்தியிலும் புழு குறைந்தது போலத்தான் இருந்தது. ஆனால் அந்த வருடம் மழையும் பொய்த்தது, பழியைச் செம்பின் மேல் மட்டும் போட முடியாது. நோயைத் தடுக்க டிரைக்கோடெர்மா போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அதுவே பூஞ்சாணம், செம்போடு சேர்த்துக் கலப்பது காசைக் கரைப்பது.

சேர்மானம் என்றால் என்ன என்பதற்கு ஆடு நல்ல உதாரணம். செம்மறி ஆடு செம்பை எளிதில் வெளியேற்றாது, ஈரலில் சேர்த்துக்கொண்டே போகும். மாதக்கணக்கில் எந்த அறிகுறியும் இருக்காது. திடீரென ஒரு நாள் ஈரல் அந்தச் செம்பை ரத்தத்தில் கொட்டிவிட, சிவப்பணுக்கள் உடைந்து சிறுநீர் கறுஞ்சிவப்பாகப் போகும். செம்பு அடித்த தோட்டத்துப் புல்லை அதற்குப் போடாதீர்கள். மீனுக்கு இவ்வளவு காத்திருப்பு கூடத் தேவையில்லை. செம்பு செவுளில் உப்புச் சமநிலையைக் குலைக்கும், உப்புக் குறைந்த மென்னீரில் இன்னும் மோசம். தெளிப்பானைக் குளத்தோரம் கழுவக் கூடாது. நத்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமப்பதே செம்பால்தான், ஆனாலும் நத்தையைக் கொல்லவே மயில்துத்தத்தைக் குளத்தில் கரைப்பார்கள்.

அடிப்பவருக்கும் ஆபத்து உண்டு. போர்ச்சுகலில் திராட்சைத் தோட்டங்களில் வருடக்கணக்கில் போர்டோ அடித்தவர்களுக்கு வந்த நுரையீரல் நோய் 1969-இலேயே பதிவாகியிருக்கிறது. பேசில்லஸுக்கும் முகமூடி வேண்டும்தான், தூள் மூக்கில் ஏறினால் ஒவ்வாமை வரலாம்.

மேங்கோசெப் என்ற ரசாயனப் பூஞ்சாணக்கொல்லி? செம்பைப் போல மண்ணில் தங்காது. ஆனால் ஹார்மோன்களைக் குலைக்கும் என்ற காரணத்தோடு ஐரோப்பிய ஒன்றியம் 2020-இல் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்துவிட்டது. நான் அந்தப் பக்கமே போகவில்லை.

போர்டோவை முழுவதும் விட்டுவிடவும் இல்லை. ஐரோப்பிய அளவை என் பாத்திக்குச் சுருக்கினால் வருடத்துக்கு 16 கிராம் செம்பு, அதாவது 64 கிராம் மயில்துத்தம். அரை சதவீதமாகக் கலந்தால் இரண்டு தெளிப்புக்கும் கொஞ்சம் மேலே வரும். அதை எடைபோட்டுத் தனி டப்பாவில் வைத்திருக்கிறேன், பின்கருகல் மழைக்காக. டப்பா காலியானால் அந்த வருடத்துக்கு அவ்வளவுதான்.