அலபாஸ்டரும் கிரீக் வில்லாவும்: ஒரே வீட்டில் இரண்டு ஆஃப் ஒயிட் நிறங்கள்

ஷெர்வின்-வில்லியம்ஸ் பெயிண்ட் நிறுவனத்தின் அலபாஸ்டர் (எஸ்டபிள்யூ 7008), கிரீக் வில்லா (எஸ்டபிள்யூ 7551) ஆகிய இரண்டும் நியூ ஜெர்சியிலுள்ள எங்கள் வீட்டுச் சுவர்களில் சில ஆண்டுகளாக இருக்கின்றன. கீழ்த்தளக் கூடம் முழுக்க அலபாஸ்டர். மாடிப் படுக்கையறைகளில் கிரீக் வில்லா. இரு தளங்களிலும் வடக்கிலும் தெற்கிலும் ஜன்னல்கள் இருப்பதால் ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கிறது.

ஷேட் கார்டில் இவற்றைப் பிரித்தறிவது கடினம். சுவர் எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்பதைக் கறுப்புக்கு 0, தூய வெள்ளைக்கு 100 என வைத்துச் சொல்லும் எல்ஆர்வி அளவில் முன்னது 82, பின்னது 84. இந்த இரண்டு புள்ளிகளைவிட ஜன்னலின் திசைதான் நிறத்தை அதிகம் மாற்றுகிறது. வடக்கு ஜன்னல் வழியே நேரடி வெயில் வராமல் வானத்தின் நீலம் கலந்த ஒளி மட்டுமே வருவதால், அலபாஸ்டரில் உள்ள இளம்பழுப்புச் சாயல் அடங்கி, மேகமூட்டமான நாள்களில் சுவர் சாம்பல் பூத்தாற்போல் தெரிகிறது. கோடையில் புல்தரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் அதன்மேல் லேசான பச்சையையும் ஏற்றிவிடும். அதே திசை அறையில் கிரீக் வில்லா இந்த அளவுக்கு மங்குவதில்லை. தெற்கு அறையிலோ நிலைமை தலைகீழ்: பிற்பகல் வெயிலும் ஓக் மரத்தரையின் மஞ்சளும் சேர்ந்து கிரீக் வில்லாவைப் பாலாடை நிறமாக்குகின்றன. எனக்கு அது சற்று அதிகம். வீட்டில் மற்றவர்களுக்குப் பிடித்திருக்கிறது. ஆகவே வடக்கு அறைக்குக் கிரீக் வில்லாவையும் தெற்கு அறைக்கு அலபாஸ்டரையும் பரிந்துரைப்பேன். இரவில் மஞ்சள் ஒளி தரும் 2700 கெல்வின் எல்இடி விளக்கின் கீழ் இரண்டும் ஒன்றுதான்.

கதவு, ஜன்னல் சட்டங்களின் நிறத்தையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும். அதே நிறுவனத்தின் இன்னும் வெளுத்த வெள்ளையான எக்ஸ்ட்ரா ஒயிட் அடித்த சட்டத்தின் அருகே இரண்டு சுவர்களும் பழுப்பேறியவைபோல் தெரிகின்றன. அவர்களின் மற்றொரு வெள்ளையான ப்யூர் ஒயிட்டின் எல்ஆர்வியும் 84 என்பதால், கிரீக் வில்லா சுவரிலிருந்து அதை அடித்த சட்டம் அவ்வளவாகப் பிரிந்து தெரிவதில்லை.

எக்‌ஷெல் எனும் லேசான பளபளப்புள்ள பூச்சு என்பதால் சுவிட்சைச் சுற்றிய கைக்கறை ஈரத்துணிக்குப் போய்விடுகிறது. ஆணித்துளையை அடைத்து, மீந்திருந்த பெயிண்டைத் தொட்டுப் பூசிய இடம் மட்டும் பக்கவாட்டு வெளிச்சத்தில் திட்டாகத் தெரியும். மூலையிலிருந்து மூலைவரை அந்தச் சுவரை முழுதாக அடிப்பதே வழி. நீர் சார்ந்த அக்ரிலிக் என்பதால் இரண்டுமே இதுவரை மஞ்சளாகவில்லை. வெளிச்சம் படாத அலமாரிக்குள் முந்தைய உரிமையாளர் அடித்த ஆயில் பெயிண்ட்தான் நன்றாக மஞ்சளித்திருக்கிறது.