தனியார் கார் பார்க் டிக்கெட்: கட்டுவதா, கிழித்துப் போடுவதா, எதிர்ப்பதா?

சூப்பர்மார்க்கெட் கார் பார்க்கில் இருபது நிமிடம் கூடுதலாக நின்றுவிட்டீர்கள், கேமராவில் பதிவாகியிருக்கிறது, 100 பவுண்டு கட்டுங்கள், 14 நாளுக்குள் கட்டினால் 60 போதும். இங்கிலாந்தில் கார் வைத்திருக்கும் பெரும்பாலான தமிழ்க் குடும்பங்களுக்கு இப்படி ஒரு கடிதம் எப்போதாவது வந்திருக்கும். வந்ததும் இரண்டு யோசனைகள் கிடைக்கும். "கோர்ட், கேஸ் என்று அலைய முடியாது, கட்டித் தொலை" என்பது ஒன்று. "பிரைவேட் கம்பெனிதானே, கிழித்துப் போடு" என்பது இன்னொன்று. கல்யாண ஹாலில் கேட்டாலும் கோயில் வாசலில் கேட்டாலும் இந்த இரண்டையும் தாண்டி யாரும் பேசுவதில்லை. நடுவில் இன்னும் மூன்று வழிகள் இருக்கின்றன. நியாயமான காரணம் உள்ளவர்களில் பலர் அந்த வழிகள் தெரியாமலேயே பணத்தைக் கட்டிவிடுகிறார்கள் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இங்கே சொல்வது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்தும். ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் சட்டம் வேறு.

முதலில் கடிதத்தை அனுப்பியது யார் என்று பாருங்கள். கவுன்சில் அனுப்புவதையும் தனியார் கம்பெனி அனுப்புவதையும் 'பி.சி.என்.' (பெனால்ட்டி அல்லது பார்க்கிங் சார்ஜ் நோட்டீஸ்) என்றே அழைக்கிறார்கள். காகிதமும் நிறமும்கூட ஒன்று போலவே இருக்கும். கவுன்சில் டிக்கெட் சட்டப்படியான அபராதம். அதைக் கவனிக்காமல் விட்டால் வழக்கு விசாரணை எதுவும் இல்லாமலே சாமானை ஜப்தி செய்யும் பெய்லிஃப் வாசலுக்கு வரும் நிலை வரலாம். அதற்கான அப்பீல் முறையும் முற்றிலும் வேறு. தனியார் அனுப்புவது, "எங்கள் போர்டில் இருந்த நிபந்தனைகளை ஏற்று வண்டியை நிறுத்தினீர்கள், அதை மீறிவிட்டீர்கள்" என்று சொல்லி அனுப்பும் பில். அதை வசூலிக்க அவர்கள் கவுன்ட்டி கோர்ட்டுக்குப் போய் ஜெயிக்க வேண்டும். இனிமேல் பேசப்போவதெல்லாம் இந்த இரண்டாவது வகையைப் பற்றித்தான்.

60 பவுண்டைக் கட்டிவிடுவது சில நேரம் சரியான முடிவுதான். போர்டு பெரிதாக, தெளிவாக இருந்தது, நேரத்தைத் தாண்டியது உண்மை, சொல்வதற்குக் காரணமும் இல்லை என்றால் கட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். ஆனால் கட்டிய நிமிடமே விஷயம் முடிந்துவிடும், பிறகு அப்பீல் கிடையாது. பயத்தில் அவசரப்பட்டுக் கட்டுகிறவர்களுக்குத் தெரிய வேண்டிய ஒன்று உண்டு. முதல் 14 நாளுக்குள் கம்பெனிக்கு அப்பீல் அனுப்பி, அவர்கள் மறுத்தால், அதே தள்ளுபடி விலையில் கட்ட இன்னும் 14 நாள் தர வேண்டும் என்பது இந்தத் துறையின் நடைமுறை விதி. ஆகவே முதல் அப்பீலால் நஷ்டம் இல்லை. பார்க்கிங் மெஷினில் வண்டி எண்ணில் ஒரு எழுத்தைத் தப்பாக அடித்துவிட்டீர்கள், ஆனால் காசு போட்டிருக்கிறீர்கள் என்றால் அந்த டிக்கெட்டை ரத்து செய்யச் சொல்கிறது அதே விதித்தொகுப்பு. முற்றிலும் வேறு எண்ணை அடித்திருந்தால்கூட 20 பவுண்டாகக் குறைக்க இடம் உண்டு. அப்படிப்பட்ட கேஸில் 60 கட்டுவது வீண்.

கிழித்துப் போடும் யோசனைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. ஒரு காலத்தில் அது நல்ல யோசனையாகவே இருந்தது. வண்டியை ஓட்டியவர் யார் என்று கம்பெனிக்குத் தெரியாது, வண்டியின் பதிவு உரிமையாளரைப் பிடிக்கச் சட்டமும் இல்லை. 2012இல் வந்த சுதந்திரங்கள் பாதுகாப்புச் சட்டம் இதை மாற்றியது. தனியார் இடங்களில் சக்கரத்துக்குப் பூட்டுப் போடுவதை அது தடை செய்தது. அதற்குப் பதிலாக, சில நிபந்தனைகளை நிறைவேற்றினால் பதிவு உரிமையாளரிடமே பணம் கேட்கலாம் என்று கம்பெனிகளுக்கு வழி திறந்துவிட்டது. வண்டிப் பதிவுகளை வைத்திருக்கும் அரசு அமைப்பான டி.வி.எல்.ஏ.வுக்கு 2.50 பவுண்டு கட்டினால் உங்கள் பெயரும் முகவரியும் அவர்கள் கைக்குப் போய்விடும். அடுத்தது 2015 நவம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. செம்ஸ்ஃபோர்டில் ஒரு ரீடெய்ல் பார்க்கில் இரண்டு மணி நேர இலவச நேரத்தைத் தாண்டி 56 நிமிடம் நின்ற பேரி பீவிஸ் என்பவருக்கு பார்க்கிங்ஐ கம்பெனி 85 பவுண்டு போட்டது. உண்மையில் ஏற்பட்ட நஷ்டத்தைவிட இது மிக அதிகம், ஆகவே செல்லாது என்று அவர் வாதாடினார். நீதிமன்றம் ஏற்கவில்லை. வண்டிகள் வந்து போய்க்கொண்டிருக்க வேண்டும் என்பதில் கம்பெனிக்கு நியாயமான அக்கறை உண்டு, போர்டுகளும் பெரிதாகத் தெளிவாக இருந்தன என்று சொல்லி அந்தத் தொகையை ஏற்றது. "அவ்வளவு பெரிய தொகை செல்லாது" என்ற பழைய வாதம் அன்றோடு போயிற்று.

அப்படியும் கடிதத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டால் என்ன ஆகும்? முதலில் கடன் வசூல் கம்பெனியின் கடிதங்கள் வரும். 100 பவுண்டு 170 ஆகியிருக்கும். அந்தக் கூடுதல் 70 எந்த வேலைக்கான கூலி என்று கேட்டால் நியாயமான பதில் கிடைப்பதில்லை. கொட்டை எழுத்தில் மிரட்டும் இந்தக் கடிதங்களைப் பார்த்து வயதானவர்கள் தூக்கம் கெட்டுப்போவதை நினைத்தால் கோபம் வருகிறது. அவர்கள் பெய்லிஃப் அல்ல. உங்கள் வீட்டில் ஒரு நாற்காலியைத் தொடக்கூட அவர்களுக்கு அதிகாரம் இல்லை. அந்தக் கடிதங்களுக்குப் பதில் போட வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆனால் அவற்றுக்குப் பின்னால் வரும் இரண்டை ஒருபோதும் விடக் கூடாது. ஒன்று, வழக்குக்கு முந்தைய எச்சரிக்கைக் கடிதம். அதற்குப் பதில் சொல்ல 30 நாள் உண்டு. இன்னொன்று, கோர்ட்டிலிருந்தே வரும் கிளெய்ம் ஃபார்ம். அதையும் கிழித்துப் போட்டால் உங்கள் தரப்பைக் கேட்காமலே தீர்ப்பு வந்துவிடும். தீர்ப்பு வந்த ஒரு மாதத்துக்குள் முழுப் பணத்தையும் கட்டாவிட்டால் அந்த சி.சி.ஜே. (கவுன்ட்டி கோர்ட் தீர்ப்பு) ஆறு வருடம் பதிவில் நிற்கும். வீட்டுக்கடன் கேட்கும்போது அங்கே போய் இடிக்கும். குடியுரிமை விண்ணப்பத்திலும் சிவில் தீர்ப்புகளைப் பற்றிய கேள்வி வருகிறது. இதெல்லாம் ஒரு கார் பார்க் டிக்கெட்டுக்காக வேண்டாம்.

எனக்கு மிகவும் பிடித்த வழியை நம் ஆட்கள் அதிகம் முயன்று பார்ப்பதில்லை. பார்க்கிங் கம்பெனியை விட்டுவிட்டு, அந்த இடத்தின் சொந்தக்காரரிடம் போவதுதான் அது. கார் பார்க்கைக் கம்பெனி நடத்தினாலும் அதை வேலைக்கு வைத்தது கடையோ ரீடெய்ல் பார்க் நிர்வாகமோதான். அன்று அங்கே சாமான் வாங்கிய ரசீது அல்லது பேங்க் ஸ்டேட்மென்ட், டிக்கெட்டின் நகல் இரண்டையும் எடுத்துக்கொண்டு மேனேஜரைப் பாருங்கள். "நான் உங்கள் வாடிக்கையாளர், இதை ரத்து செய்யச் சொல்லுங்கள்" என்று மரியாதையாகக் கேளுங்கள். கடையில் கை விரித்தால் தலைமை அலுவலகத்துக்கு எழுதுங்கள். மற்ற வழிகளில் சட்ட வாதம் வேண்டும். இங்கே உண்மையான காரணமே போதும்: குழந்தை வாந்தி எடுத்தது, கவுன்ட்டரில் நீண்ட வரிசை, அப்பாவால் வேகமாக நடக்க முடியாது. உடல் ஊனமோ நீண்டகால நோயோ காரணம் என்றால் 2010 சமத்துவச் சட்டத்தைக் குறிப்பிட்டே எழுதலாம். என்.எச்.எஸ். மருத்துவமனையில் வந்த டிக்கெட் என்றால் அங்குள்ள நோயாளிகள் உதவிப் பிரிவான 'பால்ஸ்' அலுவலகத்துக்குப் போங்கள். ஒன்றே ஒன்று, இதையெல்லாம் சீக்கிரம் செய்ய வேண்டும். விஷயம் வசூல் கம்பெனியிடம் போன பிறகு "எங்கள் கையில் இல்லை" என்று சொல்லிவிடுவார்கள்.

சொந்த ஃபிளாட்டின் வாசலில் டிக்கெட் வாங்குகிறவர்களும் உண்டு. அவர்கள் முதலில் தேட வேண்டியது குத்தகைப் பத்திரத்தை. நிறுத்தும் உரிமையை அது ஏற்கெனவே தந்திருந்தால், பின்னால் வந்த கம்பெனி பர்மிட் போர்டு மாட்டி அதைப் பறித்துவிட முடியாது என்று வாதாடலாம். 2016இல் ஆக்ஸ்ஃபோர்ட் கவுன்ட்டி கோர்ட்டில் மேல்முறையீட்டில் இப்படியொரு வழக்கு வந்தது. வீட்டு வாசலில் காரை நிறுத்தி ஒரு மேசையை இறக்கிய பெண்ணுக்கு டிக்கெட் போட்டிருந்தார்கள். சாமான் இறக்க நிற்பது பார்க்கிங் ஆகாது என்று நீதிபதி சொன்னார்.

இடத்தின் சொந்தக்காரரிடம் கேட்பதற்கு இணையாகவே கம்பெனிக்கும் அப்பீல் அனுப்பலாம், அனுப்பவும் வேண்டும். அதை எழுதும் விதம் முக்கியம். "நான் நிறுத்தினேன், நான் கடைக்குப் போனேன்" என்று எழுதாதீர்கள். வண்டியின் பதிவு உரிமையாளராக எழுதுங்கள், ஓட்டியவரை 'ஓட்டுநர்' என்றே குறிப்பிடுங்கள். யார் ஓட்டினார்கள் என்று தனியார் கம்பெனிக்குச் சொல்லும் சட்டக் கடமை உங்களுக்கு இல்லை. பொய் சொல்லவும் வேண்டாம், அதைச் சொல்லாமல் விட்டாலே போதும். காரணம் என்னவென்றால், உரிமையாளரைப் பிடிக்கும் உரிமை கம்பெனிக்கு நிபந்தனையோடுதான் வருகிறது. கண்ணாடியில் எதுவும் ஒட்டாமல் கேமராவை மட்டும் நம்பி அனுப்பும் நோட்டீஸ், நிறுத்திய நாளுக்கு மறுநாளிலிருந்து 14 நாளுக்குள் உங்கள் கைக்கு வந்திருக்க வேண்டும். கண்ணாடியில் டிக்கெட் வைத்திருந்தால் கணக்கு வேறு, டிக்கெட் வைத்த நாளிலிருந்து 28 நாள் கழிந்த பிறகு, 56 நாளுக்குள் தபால் வர வேண்டும். தேதி தப்பினால் அவர்கள் ஓட்டுநரைத்தான் தேட வேண்டும். 'நான்தான் ஓட்டினேன்' என்று நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால் இந்த நல்ல வாதம் கையை விட்டுப் போய்விடும். தனிச் சட்ட விதிகளின் கீழ் வரும் விமான நிலைய, ரயில் நிலைய இடங்களுக்கு இந்த உரிமையாளர் பொறுப்பே பொருந்தாது.

கம்பெனி மறுத்த பிறகுதான் உண்மையான ஒப்பீடு வருகிறது. கம்பெனி எந்தச் சங்கத்தில் உறுப்பினர் என்பதைப் பொறுத்து அடுத்து நீங்கள் போகக்கூடிய வெளி அப்பீல் அமைப்பு மாறும். பிரிட்டிஷ் பார்க்கிங் அசோசியேஷன் என்றால் 'பாப்லா'. இன்டர்நேஷனல் பார்க்கிங் கம்யூனிட்டி என்றால் 'ஐ.ஏ.எஸ்.'. எது கிடைக்கும் என்பது நம் தேர்வு அல்ல, கடிதத்தின் அடியில் உள்ள முத்திரையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். பாப்லா இலவசம், மறுப்புக் கடிதம் வந்ததிலிருந்து 28 நாள் அவகாசம். அதன் தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும், உங்களைக் கட்டுப்படுத்தாது. அங்கே இரக்கத்துக்கு இடமில்லை என்பதை மட்டும் மறக்காதீர்கள். வாந்தி எடுத்த குழந்தையின் கதையை அங்கே சொல்லிப் பயனில்லை. போர்டு இருட்டில் தெரியவில்லை (இருட்டிய நேரத்தில் எடுத்த படத்தோடு), நோட்டீஸ் தாமதம், இடத்தின் சொந்தக்காரரோடு கம்பெனிக்குச் செல்லுபடியாகும் ஒப்பந்தம் இருக்கிறதா என்ற கேள்வி, வெளியேறும்போது தர வேண்டிய 10 நிமிடச் சலுகையைக் கணக்கில் எடுக்கவில்லை, இப்படிப்பட்ட வாதங்கள்தான் எடுபடும். கம்பெனி ஆதாரம் அனுப்பாமலே விட்டால் நீங்கள் ஜெயித்தீர்கள். தோற்றால் 60 பவுண்டு வாய்ப்பு போய்விடும், 100 ஆகும். இந்த 40 பவுண்டு ரிஸ்க்தான் இந்த வழியின் விலை. ஐ.ஏ.எஸ்.ஸில் வண்டிக்காரர்கள் ஜெயிப்பது பாப்லாவைவிட மிகவும் குறைவு. வாதம் பலமாக இருந்தால் பாப்லாவுக்குத் தயங்காமல் போகலாம் என்பேன். ஐ.ஏ.எஸ். என்றால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டு, இடத்தின் சொந்தக்காரரிடம் இன்னும் அழுத்தமாகக் கேளுங்கள்.

கோர்ட் என்ற சொல்லுக்குப் பயப்பட வேண்டாம். இது குற்ற வழக்கு அல்ல, சிறு தொகை வழக்கு. கம்பெனி கேட்பது 100, அதோடு அந்த 70, வட்டி, 35 பவுண்டு கோர்ட் கட்டணம், 50 பவுண்டு வக்கீல் செலவு என்று 250 பவுண்டைத் தாண்டும். விசாரணை வரை போய்த் தோற்றால் இன்னும் 27 பவுண்டு விசாரணைக் கட்டணம் சேரும். எதிர்த்தரப்பு வக்கீலின் முழுச் செலவும் உங்கள் தலையில் விழுவது மிக அரிது. கிளெய்ம் ஃபார்ம் சேர்ந்ததாகக் கருதப்படும் நாளிலிருந்து 14 நாளுக்குள் பதில் தர வேண்டும். வழக்கை எதிர்க்கப்போவதாக ஆன்லைனில் பதிவு செய்தால் அது 28 நாள் ஆகும். 2024 மே மாதத்திலிருந்து தொலைபேசி வழியே ஒரு மணி நேரச் சமரசப் பேச்சும் கட்டாயம். கலந்துகொள்ளத்தான் வேண்டும், ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. எதிர்வாதம் ஒழுங்காக எழுதியிருந்தால், விசாரணைக் கட்டணம் கட்ட வேண்டிய நேரத்தில் கம்பெனியே வழக்கைக் கைவிடுவதும் நடக்கிறது. டெர்பியில் ஒரு கார் பார்க்கில் மொபைல் சிக்னல் கிடைக்காமல் ஐந்து நிமிடத்துக்குள் பணம் கட்ட முடியாத ஒரு பெண்ணிடம் 1,906 பவுண்டு கேட்டு வழக்குப் போட்டார்கள். செய்தி நாடெங்கும் பரவியது, வழக்கைக் கைவிட்டார்கள். 2025 பிப்ரவரியில் விதியே மாறியது. கேமரா வைத்து நடத்தும் கார் பார்க்கில், வெளியேறுவதற்கு முன் பணம் கட்டியவருக்கு, தாமதமாகக் கட்டினார் என்பதற்காக மட்டும் டிக்கெட் போடக் கூடாது.

வீடு மாறுகிறவர்கள் வண்டியின் பதிவுப் பத்திரமான லாக்புக்கிலும் முகவரியை உடனே மாற்றுங்கள். நம் ஆட்களில் பலருக்கு சி.சி.ஜே. விழுவது பழைய முகவரிக்குப் போன கடிதத்தால்தான். அப்படி விழுந்துவிட்டது தெரிந்தால், அந்தத் தீர்ப்பை ரத்து செய்யக் கோரி என்244 படிவத்தில் விண்ணப்பிக்கலாம். கட்டணம் உண்டு, வருமானம் குறைந்தவர்களுக்கு அதில் சலுகையும் உண்டு. விஷயம் தெரிந்த உடனே விண்ணப்பிக்க வேண்டும், தாமதித்தால் நீதிபதி முதலில் அதைத்தான் கேட்பார்.